கடலூர்க் கரையில் கலைந்த கூட்டணி

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில் முட்லூரை அடுத்துக் கிழக்கே திரும்பினால், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்துள்ள பரங்கிப்பேட்டையை அடையலாம். மஹ்மூது பந்தர் என நம் முன்னோராலும், போர்ட்டோ நோவோ என ஐரோப்பியராலும் அழைக்கப்பெற்ற பழம்பெரும் துறைமுகம் அது. மரக்காயர்களின் கலங்கள் ஒரு காலத்தில் அங்கிருந்து கீழை நாடுகளுக்கெல்லாம் சென்று வந்தன. அண்மையில் மாணவர் சிலரோடு அவ்வூர்க் கடற்கரையில் நின்றபோது, இங்குதான் ஹைதர் அலிக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை வந்திறங்கியது என்று கூறினேன். அவர்களுள் இளையவன் ஒருவன் கேட்டான்: "அஜரத், பிரெஞ்சுக்காரர்கள் திப்பு சுல்தானுக்கு நண்பர்கள்தாமே? பிறகு ஏன் அவரைத் தனியே விட்டுவிட்டுப் போனார்கள்?"

சிறுவனின் வினாதான். ஆயினும், அரசுகளின் நட்புறவைப் பற்றிய பெரிய நூல்கள் பல ஆராய்வதும் இவ்வினாவையேயன்றி வேறில்லை. வட்டார அரசுகள் சில ஒன்றுகூடி, தொலைவிலுள்ள ஒரு வல்லரசோடு வாணிக உறவும் அரசியல் உறவும் கொள்ளும்போது, அவ்வுறவு எப்பொழுது நிலைக்கும், எப்பொழுது முறியும்? இதற்கான விடையைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடைப்பட்ட இச்சிறு நிலப்பரப்பிலேயே, 1780 முதல் 1783 வரையிலான மூன்றாண்டுகளில் அவ்விடை எழுதப்பெற்றிருக்கிறது.

நால்வர் ஒன்றுகூடிய கதை

ஆங்கிலேயர் கடலூருக்கு வந்தது 1690ஆம் ஆண்டில். செஞ்சியிலிருந்து ஆண்ட மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை அவர்கள் விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள நிலம் அவர்களுக்கு உரியது என்பது பேச்சு. பீரங்கியும் அவர்களுடையது; சுட்டவரும் அவர்களுடைய ஆளே. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. வலியவர் தம் அளவுகோலால் அளக்க, எளியவர் அதற்கு இசைவதே உடன்படிக்கை என்னும் வழக்கத்தின் முதற்பாடம் அது.

அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், தென்னாட்டிலும் தக்காணத்திலும் ஆங்கிலேயர் மீது மனக்குறை கொள்ளாத அரசு ஏதுமில்லை. பூனாவின் உள்விவகாரத்தில் தலையிட்டு, இரகுநாதராவைப் பதவியில் அமர்த்த அவர்கள் முயன்றதால் மராட்டியர் சினங்கொண்டிருந்தனர். குண்டூர் குறித்துத் தம்மைக் கேளாமல் தம் தம்பியோடு பேரம் பேசியதால் ஹைதராபாத் நிஜாம் வெகுண்டிருந்தார். மைசூரின் ஹைதர் அலிக்கோ இரண்டு குறைகள். 1769ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, மராட்டியர் தாக்கியபோது ஆங்கிலேயர் உதவிக்கு வந்திருக்க வேண்டும், அவர்கள் வரவில்லை. 1779இல் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரரின் மாஹேயை ஆங்கிலேயர் கைப்பற்றினர். மைசூருக்குத் துப்பாக்கியும் வெடிமருந்தும் வந்து சேர்ந்த வாயில் மாஹே. வாணிக வழி அடைபட்டபோதே போரின் வழி திறந்துவிட்டது.

ஆகவே பூனா, ஹைதராபாத், நாகபுரி, மைசூர் ஆகிய நான்கும் ஓர் அணியாயின. நாகபுரியின் போன்ஸ்லே வங்காளத்தையும், நிஜாம் வட சர்க்கார் பகுதிகளையும், பூனா மராட்டியர் பம்பாயையும், ஹைதர் கர்நாடகத்தையும் தாக்குவது என்பது திட்டம். அவ்வேளையில் பிரான்சு நாடும் ஆங்கிலேயரோடு போரில் இறங்கியிருந்தது. வட்டார அணி ஒருபுறம், வல்லரசு மறுபுறம். இரண்டுக்கும் பகைவன் ஒருவனே. இதனினும் நல்ல வாய்ப்பு அமையுமா என்று எவரும் எண்ணுவர்.

1780 ஜூலையில் ஹைதர் பெரும்படையோடு மலைக் கணவாய்களைக் கடந்து கர்நாடகத்தில் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் ஆங்கிலப்படை சிதைந்தது; ஆர்க்காடும் வீழ்ந்தது. தாம் ஏற்றுக்கொண்ட பங்கை ஹைதர் முழுமையாக நிறைவேற்றினார். ஆனால் ஏனைய மூவர்? வாரன் ஹேஸ்டிங்ஸ் குண்டூரைத் திருப்பிக் கொடுத்ததும் நிஜாம் அமைதியானார். போன்ஸ்லே பணத்தால் வசப்படுத்தப்பட்டார். பூனாவோ 1782 மே 17ஆம் நாள் சால்பாய் உடன்படிக்கையில் ஆங்கிலேயரோடு சமாதானம் செய்துகொண்டது. ஹைதர் வென்ற இடங்களை ஆங்கிலேயருக்குத் திருப்பித் தருமாறு செய்யும் பொறுப்பையும் அவ்வுடன்படிக்கையில் அது ஏற்றுக்கொண்டது! நான்கு கால்களில் மூன்று உடைந்த கட்டிலில் ஹைதர் தனியே அமர்ந்திருந்தார்.

இங்கே மற்றோர் உண்மையையும் நாம் மறைத்தலாகாது. 1780இல் ஹைதரின் இரண்டாம் மைந்தர் கரீம் சாஹிபின் குதிரைப்படை பரங்கிப்பேட்டையைச் சூறையாடியது. கொள்ளையுண்டது முஸ்லிம் வணிகர் நிறைந்த பட்டினம். கொள்ளையிட்டதோ முஸ்லிம் மன்னர் ஒருவரின் படை. வயல்களும் ஏரிகளும் அழிக்கப்பட்டன, பஞ்சம் தொடர்ந்தது. தஞ்சைத் தரணியில் இன்றும் 'ஹைதர் கலாபம்' என்னும் சொல் வழங்குகிறது. கூட்டணிகளின் கணக்கை அரண்மனைகள் எழுதுகின்றன. அதன் செலவைக் குடிமக்களே செலுத்துகின்றனர்.

கரையைவிட்டகன்ற கப்பல்கள்

நிலத்தில் ஹைதர் வலியவர். கடலிலோ அவருக்கு ஆற்றலில்லை. ஆங்கிலப்படை எங்கே சிக்குண்டாலும், கடல் வழியாக அதற்கு அரிசி வந்து சேர்ந்தது. மைசூருக்குப் பிரான்சு தேவைப்பட்ட காரணம் இதுவே.

1781 பிப்ரவரியில் அத்தேவை நிறைவேறும் நேரம் வந்தது. தளபதி ஐர் கூட்டின் படை கடலூரில் உணவின்றித் தவித்துக்கொண்டிருந்தது. நிலப்புறத்தை ஹைதரின் படைகள் அடைத்திருந்தன. ஆங்கிலக் கடற்படை மேற்குக் கரையில் இருந்தது. தோர்வ் என்பாரின் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரைக்கு வந்து நின்றன. இன்னும் சில நாட்கள் அவை அங்கேயே நின்றிருந்தால், கூட்டின் படை பட்டினியால் பணிந்திருக்கும். ஹைதர் மன்றாடினார்; உணவும் பணமும் தருவதாகக் கூறினார். தோர்வோ தம் மேலிடத்துக் கட்டளையைச் சுட்டி, பிப்ரவரி நடுவில் பாய் விரித்து மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பிவிட்டார். கூட்டின் படை பிழைத்தது.

நடுநிலையோடு நோக்கினால், தோர்வின் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. 1778இலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. இக்கரையில் பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் தங்குமிடமே இல்லை. ஆனால் நட்பு நாட்டிற்கு வாழ்வா சாவா என்றிருந்த ஒரு நாள், வல்லரசின் கணக்கேட்டில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நாட்களுள் ஒன்றாக மட்டுமே பதிவாயிற்று என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

அதன் பின் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. அவ்வாண்டு ஜூன் 18ஆம் நாள், ஹைதரின் வீரர்கள் அரண்செய்து வைத்திருந்த சிதம்பரம் கோயில் வளாகத்தைக் கூட் தாக்கித் தோல்வியுற்றுப் பின்வாங்கினார். ஆனால் ஜூலை 1ஆம் நாள், பரங்கிப்பேட்டைக்கு வடக்கே நடந்த பெரும்போரில், எண்ணிக்கையில் மிகச் சிறிய ஆங்கிலப்படை ஹைதரை வென்றது. கரையோரமாக நின்ற ஆங்கிலக் கப்பல் ஒன்று மைசூர்க் குதிரைப்படை மீது குண்டு பொழிந்து அவ்வெற்றிக்கு உதவியது. ஐந்து மாதங்களுக்கு முன்னர் அதே கடற்பரப்பு பிரெஞ்சுக் கப்பல்களின் வசம் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

பரங்கிப்பேட்டையில் இறங்கிய படை

1782இல் நிலைமை மாறியது. தோர்வ் மறைந்தபின் பிரெஞ்சுக் கடற்படையின் தலைமையை ஏற்ற சுஃப்ரன், அஞ்சா நெஞ்சினர். பிப்ரவரி 17ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்திற்கு அப்பால் ஆங்கிலக் கடற்படையோடு பொருதியபின் அவர் பரங்கிப்பேட்டைக்கு வந்தார். மார்ச்சு மாதம் துஷ்மேன் தலைமையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் அங்குக் கரையிறங்கினர். ஏப்ரல் தொடக்கத்தில், திப்புவின் படையும் பிரெஞ்சுப் படையும் இணைந்து கடலூரைக் கைப்பற்றின. பிரெஞ்சுக்காரருக்கு இக்கரையில் ஒரு துறைமுகம் கிட்டியது. அவர்களுக்கு வேண்டிய தானியமும் மாடுகளும் பணமும் மைசூரிலிருந்து வந்தன.

படைச் செலவு, உணவு, தலைமை ஆகியவை பற்றிக் களத்திலேயே ஏற்பாடுகள் பேசப்பட்டன. ஆனால் பிரெஞ்சு மன்னரும் மைசூர் அரசும் சரிநிகராக நின்று முத்திரையிட்ட பெரும் உடன்படிக்கை ஒன்று உருவாகவில்லை. அதன் விளைவு விரைவிலேயே புலப்பட்டது. கூட்டோடு போரிட ஹைதர் அழைத்தபோது, பெருந்தளபதி புஸ்ஸி வந்து சேரும்வரை பெரும்போரில் இறங்கலாகாது என்பது தமக்கிட்ட கட்டளை என்று துஷ்மேன் தயங்கினார். உணவளிப்பவர் ஒருவர், கட்டளையிடுபவர் வேறொருவர் என்றால் படை எப்படி நகரும்?

இத்தயக்கத்திற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் சுஃப்ரன். மொரீஷியஸுக்குத் திரும்புமாறு வந்த கட்டளையையும் மீறி அவர் இக்கரையிலேயே நின்றார். 1782 ஜூலை இறுதியில் கடலூருக்கு அருகே ஹைதரின் பாசறையில் இருவரும் சந்தித்தனர். நிலத்தில் வல்லவரும் நீரில் வல்லவரும் ஒருவரையொருவர் மதித்துப் போற்றிய அந்நாட்கள், இந்நட்புறவின் உச்சம் எனலாம். புஸ்ஸி பெரும்படையோடு வருகிறார் என்ற நற்செய்தியையும் சுஃப்ரன் தெரிவித்தார்.

ஆயினும் புஸ்ஸி வந்து சேர மேலும் எட்டு மாதங்கள் கழிந்தன. 1782 டிசம்பர் 7ஆம் நாள், சித்தூருக்கு அருகே பாசறையிலேயே ஹைதர் அலி மறைந்தார். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் இக்கரையில் கப்பல்கள் தங்கவியலாது என்பதால், சுஃப்ரன் அப்போது சுமத்திராவின் ஆச்சேயில் இருந்தார். தந்தைக்குப் பின் பட்டமேற்ற திப்பு, மேற்குக் கரையில் ஆங்கிலேயர் பெத்னூரைப் பிடித்துவிட்டதால் அங்கே விரைந்தார். 1783 மார்ச்சில் புஸ்ஸி பரங்கிப்பேட்டையில் இறங்கியபோது, அவரை வரவேற்க வேண்டிய மன்னரும் இல்லை. முதுமையும் நோயும் வாட்டிய அவரிடம் பழைய வேகமும் இல்லை.

வெர்சேல்ஸில் ஓடிய பேனா

1783 ஜூன் மாதம், தளபதி ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டார். 13ஆம் நாள் நகருக்குத் தெற்கே நடந்த போரில், ஆங்கிலேயர் தரப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தனர். 20ஆம் நாள், கடலூருக்கு அப்பால் நடந்த கடற்போரில், பதினைந்து கப்பல்களை மட்டுமே கொண்ட சுஃப்ரன், பதினெட்டுக் கப்பல்களைக் கொண்ட ஹியூஸை எதிர்த்து நின்றார். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். 25ஆம் நாள் கோட்டையிலிருந்து வெளிப்பட்டுத் தாக்கிய பிரெஞ்சுப்படை தோற்றதெனினும், கடல்வழி அடைபட்ட ஆங்கிலப்படை பேரிடரில் இருந்தது. 1781 பிப்ரவரியில் கைநழுவிய வாய்ப்பு மீண்டும் வாயிலில் வந்து நின்றது.

அப்பொழுது வெள்ளைக்கொடியுடன் சென்னையிலிருந்து ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டுவிட்டது என்பது அது கொணர்ந்த செய்தி. சமாதானத்தின் முன்னோட்ட விதிகள் வெர்சேல்ஸில் 1783 ஜனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகிவிட்டிருந்தன! கடலூர்க் களத்தில் அத்தனை உயிர்கள் மடிந்தது, சமாதானம் பிறந்து ஐந்து மாதங்கள் கழிந்த பின்னர். ஜூலை 2ஆம் நாள் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

திப்பு அப்போது மங்களூரை முற்றுகையிட்டிருந்தார். அவருடன் பிரெஞ்சுப் பிரிவு ஒன்றும் இருந்தது. போரை நிறுத்துமாறு புஸ்ஸியிடமிருந்து கட்டளை வந்ததும், அப்பிரிவு முற்றுகையிலிருந்து விலகிக்கொண்டது. திப்பு சினத்தால் கொதித்தார். ஆனால் பேனா ஓடி முடிந்துவிட்டது.

1783 செப்டம்பர் 3ஆம் நாள் கையெழுத்தான வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் 16ஆம் விதி, நாம் ஊன்றி நோக்கத்தக்கது. இந்தியாவில் இரு தரப்பினருக்கும் நட்பாளர் எவரேனும் இருப்பின், அவர்களும் இச்சமாதானத்தில் சேருமாறு அழைக்கப்பெறுவர். முடிவு செய்ய அவர்களுக்கு நான்கு மாதத் தவணை உண்டு. மறுத்தால் அவர்களுக்கு எவ்வுதவியும் அளிக்கப்படமாட்டாது என்பது அவ்விதியின் சாரம். மூன்றாண்டுக் காலம் தானியமும் பொன்னும் தந்து, கடலூரில் பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்ட மைசூரின் பெயர் அவ்விதியில் இல்லை. தனியே நின்ற திப்பு 1784 மார்ச் 11ஆம் நாள் மங்களூரில் ஆங்கிலேயரோடு மானத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது அவரது சொந்த வாளின் வலிமையாலேயே. பிரான்சு புதுச்சேரியைத் திரும்பப் பெற்றது. கடலூர் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது.

தூது சென்றோர்

திப்பு சுல்தான் நட்பின் வழியை அதன்பின்னும் கைவிடவில்லை. 1786இல் உதுமானியத் தலைநகருக்குப் பெருந்தூது ஒன்றை அனுப்பினார். பஸ்ராவில் வாணிக வசதி, ஆங்கிலேயருக்கு எதிராக உதவி ஆகியன வேண்டுகோள். ஆனால் 1787இல் ருஷியாவோடு போரில் இறங்கிய உதுமானியருக்கு ஆங்கிலேயரின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. தூதருக்கு மரியாதை கிடைத்தது, படை கிடைக்கவில்லை.

மற்றொரு தூது 1787இல் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டது. முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரையும் 1788 ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் வரவேற்றார். பாரிசு நகரமே அவர்களைக் காணத் திரண்டது. கைவினைஞர் சிலரும், உயர்ந்த பீங்கான் கலங்களும் கிடைத்தன, கூட்டணி கிடைக்கவில்லை. கருவூலம் வறண்டுகிடந்த அம்மன்னரின் அரியணையே அடுத்த ஆண்டு ஆட்டம் கண்டது.

1790இல் ஆங்கிலேயர் மீண்டும் போர் தொடுத்தபோது, ஒரு காலத்தில் ஹைதரோடு ஓரணியில் நின்ற நிஜாமும் மராட்டியரும் ஆங்கிலேயரின் பக்கம் நின்றனர். 1792இல் திப்பு பாதி அரசை இழந்தார். 1799 மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வீரமரணம் எய்தினார்.

ஆங்கிலேயரை நண்பராகக் கொண்டவரின் கதை மட்டும் வேறாக முடிந்ததா? ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா இறுதிவரை அவர்களோடு நின்றவர். அவர்தம் போர்ச் செலவெல்லாம் இவர் தலையில் கடனாக ஏறியது. 1781இலேயே நாட்டின் வருவாயை அவர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தது. 1801இல் கடலூரும் சிதம்பரமும் உட்பட்ட கர்நாடகம் முழுவதும் கும்பெனியாரின் ஆட்சிக்குள் சென்றது. எதிர்த்தவர் களத்தில் இழந்தார். நட்புக் கொண்டவர் கடன் பத்திரத்தில் இழந்தார்.

எஞ்சும் பாடம்

அரபு மொழியில் நட்பரசை 'ஹலீஃப்' என்கிறோம். சூளுரை என்னும் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இன்னின்னார் இன்னின்ன பொறுப்பேற்பர் என்று வாய்விட்டு உறுதி கூறியபின்னரே ஒருவர் ஹலீஃப் ஆவார். ஒரே பகைவனைக் கொண்டிருப்பதால் மட்டும் ஆகிவிடமாட்டார். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா உடன்படிக்கை இதற்கு நல்ல சான்று. விரும்பிய கோத்திரத்தார் விரும்பிய தரப்பில் சேரலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. குஸாஆ கோத்திரத்தார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தரப்பில் சேர்ந்தனர். பின்னர் அச்சிறு கோத்திரம் தாக்கப்பட்டபோது, அது உடன்படிக்கையையே முறித்த செயலாகக் கருதப்பட்டது. எளிய நட்பாளருக்கு நேர்ந்த தீங்கு தமக்கே நேர்ந்த தீங்கு என்பதே அங்கு அளவுகோல். வெர்சேல்ஸின் 16ஆம் விதியை இதனருகே வைத்துப் பார்ப்போர்க்கு வேறுபாடு விளங்கும்.

நம் காலத்திலும் வட்டார அமைப்புகள் வல்லரசுகளோடு உறவை வளர்த்து வருகின்றன. 1967இல் ஐந்து நாடுகள் கூடித் தொடங்கிய ஆசியான், அனைவரும் இசைந்தாலன்றி முடிவெடுப்பதில்லை என்னும் வழக்கத்தைக் கைக்கொண்டது. சீனாவுடனும் இந்தியாவுடனும் அது செய்துகொண்ட வாணிக உடன்படிக்கைகள், எழுத்தில் அமைந்த விதிகளுடன் நடைமுறைக்கு வந்தன. நம் பிள்ளைகள் பலர் உழைக்கும் நாடுகளைக் கொண்ட வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் 1981இல் பிறந்தது. 2017இல் அதன் உறுப்பு நாடுகள் மூன்று கத்தாருடன் உறவை முறித்தபோது, அவ்வமைப்பு உள்ளுக்குள்ளேயே பிளவுண்டது. 2021இல்தான் பிணக்குத் தீர்ந்தது. உள்வீட்டில் கதவடைத்துக்கொண்டவர்கள், வெளியுலகோடு பேரம் பேசுகையில் ஒரே குரலில் பேச முடியாதன்றோ?

அச்சிறுவனின் வினாவுக்கு, பரங்கிப்பேட்டைக் கரையில் நான் கூறிய விடையை இங்கேயும் கூறி முடிக்கிறேன். பிரெஞ்சுக்காரர் அனைவரும் வஞ்சகரல்லர். சுஃப்ரனைப் போன்ற உண்மை நண்பரும் அவர்களுள் இருந்தனர். ஆனால் தனிமனிதரின் அன்பு அரசின் கையொப்பமாகிவிடாது. பிரான்சு தன் போரை நடத்தியது. தன் போர் முடிந்ததும் திரும்பிச் சென்றது. பிரான்சு திரும்பிச் சென்றபோது, பூனாவும் ஹைதராபாத்தும் பக்கத்தில் நின்றிருந்தால் மைசூர் தனித்திருக்காது. தூரத்து நண்பரின் துணை, அண்டை வீட்டாரின் ஒற்றுமைக்கு மேலதிகமாகச் சேர்வதுதான். அதற்கு ஈடாக ஒருபோதும் அமைவதில்லை.

சிறுவன் சற்று நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் முதலில் போனது பிரெஞ்சுக்காரர்கள் இல்லையே, அஜரத்" என்றான். ஆம், முதலில் போனவர்கள் அவர்களல்லர்.